நாலு வயதுக்கு வேகமும் நிதானமும்: பாட்டு வகுப்பா, கீபோர்டா, கைபேசியா, வீட்டுத் தாம்பாளமா?

எங்கள் பாப்பாவுக்கு நாலரை வயது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே வேகத்தில் குதிப்பாள். கல்யாண வீட்டு மேளத்துக்கும் அதே குதி, ஆயா (பாட்டி) பாடும் தாலாட்டுக்கும் அதே குதி. ஒருநாள் பித்தளைத் தாம்பாளத்தையும் மரக்கரண்டியையும் கையில் கொடுத்து, "வேகமாத் தட்டு" என்றேன். தட்டினாள். "இப்ப மெதுவாத் தட்டு" என்றேன். அதே வேகத்தில், சத்தமே வராமல் தட்டினாள்.

அவள் மேல் தப்பே இல்லை. "மெதுவாப் பேசு, தம்பி தூங்குறான்" என்று நாளெல்லாம் சொல்வது நான்தான். அங்கே 'மெதுவா' என்றால் சத்தத்தைக் குறை என்று பொருள். "மெதுவா நட, விழுந்துடப் போற" என்னும்போது அதே சொல் வேகத்துக்கு வருகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, பிள்ளை பிரித்துப் பார்க்கவில்லை என்று நினைத்தால் எப்படி? பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாதான், "பொறுமையாத் தட்டு கண்ணு, இன்னா அவசரம்?" என்றார். உடனே வேகம் இறங்கியது. வேலூர்ப் பக்கம் ஆட்டோக்காரரிடமும் நாம் 'பொறுமையாப் போங்க' என்றுதானே சொல்கிறோம். அன்று முதல் வீட்டில் வேகத்துக்குப் 'பொறுமையா', சத்தத்துக்குச் 'சின்னதா' என்று பிரித்துவிட்டோம். இசை படித்தவர்கள் இந்த வேகத்தைக் காலப்பிரமாணம் என்பார்கள். கீபோர்டு வகுப்பில் டெம்போ என்பார்கள். பிள்ளைகளுக்கு டெம்போ என்றால் காய்கறி மூட்டை ஏற்றிவரும் வண்டி. அதனால் அந்தச் சொல்லை நான் இங்கே எடுக்கவில்லை.

விஜயதசமி நெருங்க, "எங்கேயாவது சேர்த்துவிடு, தாளம் தானா வந்துடும்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வேலூரில் எங்கள் சத்துவாச்சாரியில் நடந்து போகும் தூரத்திலேயே பாட்டு வகுப்பும் இருக்கிறது, கீபோர்டு வகுப்பும் இருக்கிறது. எதிலும் சேர்க்காமல் கைபேசியில் குழந்தைப் பாட்டுகளைப் போட்டுவிடுவது மூன்றாவது வழி. நாமே வீட்டில் கொட்டிப் பழக்குவது நான்காவது. நான்கையும் கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதே வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பாட்டு வகுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் சிறுமியாக இருந்தபோது கற்றதும் அங்கேதான், இன்றும் மிகப் பெரிய மரியாதை வைத்திருப்பதும் அதன்மேல்தான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் முதல் ஸ்வரப் பயிற்சி, கையில் ஆதி தாளம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. ஒரு வரிசையை முதல் காலத்தில் பாடி, இரண்டாம் காலத்தில் பாடி, மூன்றாம் காலத்தில் பாடி முடிப்போம். வேகமும் நிதானமும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் மூன்று காலம் என்பது வேறு, வேகம் என்பது வேறு. இந்த இடத்தில் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 8 நொடியில் முடியும். முதல் காலத்தில் அந்த 8 நொடிக்குள் 8 ஸ்வரம். இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. கை மாறவே இல்லை. எண்ணிக்கைக்குள் அடைபடும் ஸ்வரம்தான் ஒன்று, இரண்டு, நான்கு என்று கூடுகிறது. இப்போது முதல் காலத்தையே வைத்துக்கொண்டு, கையை அரை நொடிக்கு ஒரு தட்டு என்று முடுக்கினால்? ஆவர்த்தனம் 4 நொடியில் முடியும், நொடிக்கு இரண்டு ஸ்வரம் விழும். கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரங்களை மட்டும் கேட்டால், முன்னே சொன்ன இரண்டாம் காலமும் இதுவும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். வேறுபாடு கையில் இருக்கிறது. கை நிலையாக இருந்தால் அது காலம் கூடியது. கையே ஓடினால் காலப்பிரமாணம் கூடியது.

இந்த வேறுபாடு ஏழு வயதுப் பையனுக்குச் சொன்னால் புரிகிறது. நாலு வயதில் என்ன நடக்கிறது என்று வகுப்பு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். "இரண்டாம் காலம்" என்று சொன்னதும் சின்னப் பிள்ளைகளின் கையும் சேர்ந்து ஓடுகிறது. டீச்சர் கையைப் பிடித்து நிறுத்துகிறார், மறுபடியும் ஓடுகிறது. போதாக்குறைக்கு மோதிரவிரலைத் தனியாகத் தொடை மேல் வைக்கவே அந்த வயதுக் கைக்கு வரவில்லை. விரலைப் பார்த்தால் ஸ்வரம் போகிறது, ஸ்வரத்தைப் பார்த்தால் விரல் போகிறது. முதலில் கை ஓடுவதும் நிற்பதும் என்ன என்று உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான், கை நிற்கும்போதே ஸ்வரம் ஓடலாம் என்பது விளங்கும். இரண்டாம் மாடி கட்டுவதற்கு முன்னால் முதல் மாடி வேண்டாமா? ஆக பாட்டு வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு ஏழு வயதில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நாலில் சேர்த்தால் பிள்ளை பாட்டைக் கற்கலாம். வேகத்தைக் கற்க அது முதல் படி இல்லை.

கீபோர்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே தானாக ஓடும் தாளமும், அதை ஏற்றி இறக்கப் பொத்தானும், திரையில் எண்ணும் இருக்கின்றன. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் பொறுமை, 120 என்றால் அதன் இரட்டிப்பு. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஓடும் தாளம் பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளை விரலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அது நாலு தட்டு தள்ளிப் போய்விடுகிறது. ஒரே சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவிக்கும் இதேதான். ஜெர்மனிக்காரரான மெல்சல் 1815-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் பயிற்சி செய்யும் இசைக்காரர்களுக்கு அது பெரிய துணை. பழைய மாதிரியில் ஆடும் கம்பியில் ஒரு குண்டு இருக்கும். மேலே தள்ளினால் ஆட்டம் பொறுமையாகும், கீழே இறக்கினால் வேகமாகும். பிள்ளைகளுக்கு அதை வேடிக்கை பார்க்கப் பிடிக்கிறது. அதோடு சேர்ந்து தட்டச் சொன்னால் ஐந்தாறு தட்டுக்கு மேல் ஒட்டுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சின்னப் பிள்ளையை அதன் போக்கில் தட்ட விட்டால் பெரியவர்களைவிட வேகமாகத் தட்டும். வயது கூடக் கூட அந்த வேகம் இறங்கும். வெளியிலிருந்து வரும் வேகத்துக்கு அந்தக் கையை வளைக்க ஓர் ஆள் வேண்டும். ஜெர்மனியில் கிர்ஷ்னர், டொமாசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டரை முதல் நாலரை வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. எதிரில் ஒரு மனிதர் கொட்டினால் பிள்ளைகள் கூடவே கொட்டினார்கள். இயந்திரம் கொட்டினாலோ, ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் வந்தாலோ அவ்வளவு ஒட்டவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளைகூட மனிதரோடு சேரும்போது தன் வழக்கமான வேகத்தை விட்டு மாறிக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தானே பாப்பா வேகத்தை இறக்கினாள்.

கைபேசிக்கும் இதே குறை உண்டு, கூடவே இன்னொன்றும் உண்டு. பிள்ளை திரையைப் பார்க்கிறது, உடம்பு அசைவதில்லை. ஆனாலும் யூடியூபில் ஒரு வசதி எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. ஓடும் வேகத்தை 0.75 ஆகவோ 1.25 ஆகவோ மாற்றலாம், சுருதி மாறாது. பழைய டேப் ரிகார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு பொறுமையாகும், குரலும் கட்டைக் குரலாகிவிடும். இங்கே குரல் அதே குரல், வேகம் மட்டும் மாறுகிறது. "அதே அம்மாதான் பாடுறாங்க, ஆனா பொறுமையாப் பாடுறாங்க" என்று பாப்பாவே சொன்னாள். பாதி வேகத்துக்கு இறக்கினால் சத்தம் இழுபட்டுக் கெட்டுவிடுகிறது, அதனால் 0.75 போதும். வாரத்தில் ஓரிரு நாள், ஒரே பாட்டை மூன்று வேகத்தில் கேட்கவிட்டு எது வேகம் என்று கேட்பதற்கு நல்லது. நாள்தோறும் நடக்க வேண்டிய பழக்கத்துக்கு அது ஆகாது.

நான்காவது வழிக்கு வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கொட்டு பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வேகத்தைக் காட்ட நமக்கு வெளியில் எங்கும் போக வேண்டாம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குப் போனால் போதும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில், வேடம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சுழலும்போது மத்தளம் முடுக்குவதைப் பார்த்தால் போதும். கூத்துக்குப் பேர் பெற்ற புரிசை 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தானே. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் நாகஸ்வர இசை வாசிக்கும்போது, தோளில் பல்லக்கு வைத்திருப்பவர்கள் கால் எடுத்து வைக்கும் நிதானத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பம்பையும் உடுக்கையும் முடுக்கும்போது சத்தமும் சேர்ந்தே ஏறும். வேகம் என்றாலே பெரிய சத்தம் என்று பிள்ளை மனதில் பதிவது அங்கேதான். 'மெதுவா' என்ற சொல் செய்த குழப்பத்தையே கொட்டும் செய்கிறது. எனவே வெளியில் பார்ப்பதை வீட்டில் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

சரி, வீட்டில் எப்படி? ஐந்து வாரமாக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், விளக்கு வைத்த பிறகு.

முதல் வாரம் நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. பாப்பா கூடத்தில் நடப்பாள், அவள் காலுக்கு ஏற்ப நான் தாம்பாளத்தில் தட்டுவேன். ஓடினால் ஓடுவேன், நின்றால் நிறுத்துவேன். மூன்றாம் நாள்தான் தன் கால்தான் சத்தத்தை உண்டாக்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்றே நின்றாள், ஓடினாள், மறுபடி நின்றாள். ஜெனீவாவில் டால்க்ரோஸ் என்ற இசை ஆசிரியர், 1865-ல் பிறந்தவர், இசையை உடம்பின் அசைவு வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு முறையையே உருவாக்கினார். அவர் பியானோவில் செய்ததை நாம் தாம்பாளத்தில் செய்யலாம்.

இரண்டாம் வாரம் முறை மாறியது. நான் தட்டுவேன், அதற்கு ஏற்ப அவள் நடக்க வேண்டும். வேகமான தட்டு, பொறுமையான தட்டு, இரண்டே இரண்டு. நடுவில் எதுவும் இல்லை. இரண்டுக்கும் இடைவெளி நன்றாகத் தெரிய வேண்டும், குறைந்தது இரண்டு மடங்கு. அங்கேதான் ஒரு சிக்கலைக் கண்டேன். வேகம் அவளுக்கு உடனே வந்தது. பொறுமை வரவே இல்லை. ஒரு காலைத் தூக்கினால் அடுத்த தட்டு வரும்வரை ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் சாய்ந்துவிடுகிறாள், விழாமல் இருக்கக் காலை ஊன்றிவிடுகிறாள். அவசரம் அவள் மனதில் இல்லை, காலில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் இரண்டு நாள் "பொறுமை, பொறுமை" என்று கத்தியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வழி தூளியில் கிடைத்தது. தம்பிக்குக் கட்டியிருந்த தூளியை ஆட்டச் சொன்னேன். தூளி யார் அவசரத்துக்கும் ஆடாது. உத்திரத்திலிருந்து ஆறடி தொங்கும் தூளி போய்த் திரும்பி வர இரண்டரை நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பலமாகத் தள்ளினாலும் லேசாகத் தள்ளினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். கயிற்றின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. தூளியோடு சேர்ந்து உடம்பைச் சாய்த்து ஆடியபோது, முதல்முறையாகப் பாப்பா இரண்டு தட்டுக்கு நடுவே இருக்கும் வெறும் நேரத்தைப் பொறுத்துக்கொண்டாள். பொறுமையான வேகத்துக்குக் காலைவிடச் சாய்வதும் ஆடுவதும் நல்லது. கிணற்றில் தண்ணி இழுப்பதுபோல் கையால் இழுக்கச் சொன்னாலும் வருகிறது. நடுவில் உடம்புக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூளியிலிருந்தே எங்கள் வீட்டு மெட்ரோனோமும் வந்தது. ஒரு நூலில் போல்ட் நட்டு கட்டி, கதவு நிலையில் தொங்கவிட்டோம். நூல் 1 மீட்டர் நீளம் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி, அதாவது நிமிடத்துக்கு 60. நூலை 25 சென்டிமீட்டராகச் சுருக்கினால் அரை நொடி, நிமிடத்துக்கு 120. நீளத்தைக் கால் பங்காக்கினால் வேகம் இரட்டிப்பு. பிள்ளை வேகத்தைக் கண்ணால் பார்க்கிறது, சத்தமே இல்லாமல் பார்க்கிறது. சத்தத்தையும் வேகத்தையும் பிரிக்க இதைவிட எளிய கருவி எனக்குக் கிடைக்கவில்லை. குட்டைக் கால் வைத்திருக்கும் பிள்ளை ஏன் நம்மைவிட வேகமாக எட்டு வைக்கிறது என்பதற்கும் இந்த நூலிலேயே பாதி விடை இருக்கிறது.

சத்தத்தைப் பிரிக்கும் விளையாட்டில் ஓர் எச்சரிக்கை. எல்லோரும் சொல்லிக்கொடுப்பது யானை நடை, எலி ஓட்டம். நானும் அதில்தான் தொடங்கினேன். யானை பொறுமை, கூடவே தொம் தொம் என்று பெரிய சத்தம்; எலி வேகம், கூடவே கீச்சுக் குரல். எதைப் பிரிக்க நினைக்கிறோமோ அதையே சேர்த்து ஒட்டிவிடுகிறது. அதற்குப் பதில் எலி பிடிக்கப் பதுங்கிப் போகும் பூனையை எடுத்தேன்: பொறுமை, சத்தமில்லை. எறும்பு: வேகம், சத்தமில்லை. துணி துவைப்பது: பொறுமை, பெரிய சத்தம். தகரக் கூரையில் மழை: வேகம், பெரிய சத்தம். நாலும் வந்த பிறகு யானையைக் கூப்பிடலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வேகத்துக்குக் காட்பாடி ஜங்ஷன் போனோம். வண்டி புறப்படும்போது தடக், தடக் என்று தொடங்கி முடுக்குவதைக் கேட்கவைக்கலாம் என்று. இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கிவிட்டதால் பழைய மாதிரி சத்தம் எங்கும் கேட்பதில்லை. தடம் மாறும் இடங்களில் மட்டும் நன்றாகக் கேட்கிறது, ஜங்ஷனில் அந்த இடங்களுக்குக் குறைவில்லை. நடைமேடையின் கடைசியில் நின்றால் பெட்டிக்குப் பெட்டி தட்டு நெருங்கி வருவது தெளிவாக விளங்கும். பிள்ளையின் கையை விடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பாட்டு வகுப்பில் பார்த்த அந்தக் காலக் கணக்கும் எதிர்பாராமல் லாங்கு பஜாரில் வந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் ஒரு எட்டு வைத்தால் இவள் இரண்டு எட்டு. இருவரும் சேர்ந்தே போகிறார்கள், யாரும் முந்தவில்லை. அதுதான் இரண்டாம் காலம். அப்பா கால் தாளம், பாப்பா கால் ஸ்வரம். மழை தூறியதும் இருவரும் ஓடினார்கள். அப்பா காலே வேகமானது. அது காலப்பிரமாணம். எனக்கு டீச்சர் பல மாதம் சொல்லிப் புரியாதது இதுதானே என்று நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

எனவே என் முடிவு இது. ஐந்து வயது வரை வீட்டிலேயே கொட்டு, நடை, தூளி, நூல். செலவு கிடையாது, ஆனால் தினமும் பத்து நிமிடம் ஓர் ஆள் எதிரில் உட்கார வேண்டும், அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஐந்துக்கு மேல் கைபேசியில் வேகம் மாற்றிக் கேட்பதைச் சேர்க்கலாம். ஆறு ஏழு வயதில் பாட்டு வகுப்பு. கீபோர்டு அதற்கும் பிறகு, பிள்ளையே கேட்டால்.

ஆஸ்பத்திரியிலோ ராணிப்பேட்டை ஆலையிலோ ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அந்தப் பத்து நிமிடமே பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் ஆயாவோ தாத்தாவோ இருந்தால் அவர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். அதுவும் இல்லையென்றால் வகுப்பில் சேர்க்கலாம், ஆனால் சேர்க்கும் முன் ஒருநாள் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை எழுந்து நடக்க விடுகிறார்களா, டீச்சர் கூடவே தட்டுகிறாரா, பிள்ளையின் வேகத்துக்கு அவர் ஒருமுறையாவது இறங்கி வருகிறாரா என்று கவனியுங்கள். எந்தப் பாடம் நடக்கிறது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

விஜயதசமிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. அவனைப் பாட்டு வகுப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். பாப்பாவை இந்த ஆண்டு சேர்க்கவில்லை. நேற்று இரவு தம்பியின் தூளியை ஆட்டிக்கொண்டே அவளாக ஏதோ பாடினாள், தூளி திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல்.